மூடி மாறிய மனிதன்

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் குரங்கு மாடி என்று பெயர். லிஃப்டில் கூட ஏறுகிறவர்கள், "குரங்குக்குத்தானே?" என்று கேட்டுவிட்டு மூன்றாம் எண்ணை அழுத்துவார்கள். இத்தனைக்கும் அங்கே பேருக்குக்கூட ஒரு குரங்கு கிடையாது. குரங்குகளின் டி.என்.ஏ. உண்டு, அதுவும் சுண்டுவிரல் உயரக் குப்பிகளில், ஃப்ரீசருக்குள். மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் என்று எந்தக் காலத்திலோ பாகம் பிரித்துக்கொண்டு போன பங்காளிகள் எல்லாரும் ஒரே அட்டைப் பெட்டியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு உறைந்து கிடந்தார்கள். இந்தப் பங்காளிகள் எந்த இடத்தில், எதனால் வேறுபட்டார்கள் என்று தேடுவதுதான் அந்த ஆராய்ச்சிக் குழுவின் பிழைப்பு.

குழுவில் ஒருத்திக்குப் பல்லி என்று பட்டப்பெயர். ஒல்லியாக இருந்ததால் வந்த பெயர் இல்லை. யாராவது தங்கள் சோதனை முடிவைத் திரையில் போட்டுக் காட்டும்போது அதில் ஏதேனும் கோணல் தென்பட்டால், அவளை அறியாமல் நாக்கு மேலே ஒட்டி "ச்சு, ச்சு" என்று ஒரு சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தம் வந்தால் காட்டுகிறவனின் இரண்டு மாத உழைப்பு குப்பைக்குப் போகிறது என்று பொருள். வேண்டுமென்று செய்கிறாள் என்று சிலர் சொன்னார்கள். பாவம், அவளால் அதை அடக்க முடியவில்லை. ஒரு முறை பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதுகூட, அவர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறாள்.

குழுத் தலைவருக்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே "சார்". முதுகுக்குப் பின்னால் ஆல்ஃபா. குரங்குக் கூட்டத்தில் மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் நடக்கும் ஆணுக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் பெயர் அது. அவர் வருவதற்கு முன்பே அவர் குரல் வந்துவிடும், குரலுக்கு முன்பே சென்ட் வாசனை வந்துவிடும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குழுவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தானே காரை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போவார். போகிற வழியெல்லாம் தன் சாதனைகளைச் சொல்லிக்கொண்டே போவார். காய்ச்சல்காரன் அதற்குப் பயந்தே குணமாகிவிடுவான்.

அந்த ஆண்டு ஆல்ஃபாவின் சாதனை ஒரு சுவிட்ச்.

அதைப் பல்லி தன் மாமியாருக்கு விளக்கியிருந்தாள். அவள் கணவன் கப்பலில் எஞ்சினியர். ஆண்டில் பாதி நாள் தண்ணீரில். வீட்டில் அவளும் அத்தையும் மட்டும்தான். அத்தை வாழ்நாள் முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் 'இது எந்த ஸ்டேஷன்ல ஏறின உருப்படி?' என்பது போல ஒரு பார்வை பார்ப்பார். மருமகள் குரங்கு டாக்டர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்ததால், எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் காலொடிந்த பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நமக்கும் சிம்பன்சிக்கும் ஜீன் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான் அத்தை. எந்த ஜீன் எப்ப வேலை செய்யணும், எவ்வளவு நேரம் செய்யணும்னு சொல்ற சுவிட்சு இருக்கு பாருங்க, அதுலதான் வித்தியாசம்" என்றாள் பல்லி.

அத்தை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "அதாவது, ஒரே பல்புதான். என் புள்ள பாத்ரூம் லைட்டை அணைக்காம வந்துடுவான், நான் அணைப்பேன். அந்த மாதிரியா?"

"அதேதான்."

"இதுக்கா அத்தனை பெரிய கட்டடம்?"

அந்தச் சுவிட்சுகளில் ஒன்றைத்தான் ஆல்ஃபாவின் குழு பிடித்திருந்தது. கருவில் மூளை வளரும்போது வேலை செய்கிற ஒரு ஜீனுக்குப் பக்கத்தில் கிடந்தது அது. மனிதனின் சுவிட்சையும் சிம்பன்சியின் சுவிட்சையும் தனித்தனியாக நகலெடுத்து, ஒவ்வொன்றோடும் மின்மினிப் பூச்சியின் ஒளி ஜீனை ஒட்டவைத்து, செல்களுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். சுவிட்சு வேலை செய்தால் செல் மின்னும், செய்யாவிட்டால் இருட்டு. மனிதனின் சுவிட்சு கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. சிம்பன்சியுடையது மின்வெட்டு நேரத்துத் தெரு மாதிரி கிடந்தது. இரண்டுக்கும் டி.என்.ஏ.வில் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள்தான் வித்தியாசம்.

ஆல்ஃபாவுக்கு இது போதாதா? "நம்மை மனிதனாக்கிய தீப்பொறி" என்று அதற்கு ஒரு தலைப்பு வைத்தார். போகிற இடமெல்லாம் அந்தத் தலைப்பில் பேசினார். பேச்சின் முடிவில் விளக்கை அணைக்கச் சொல்லி, இருட்டில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துக் காட்டுவார். ஒரு மண்டபத்தில் தீ அபாய மணி அடித்துத் தண்ணீர் கொட்டி எல்லாரும் நனைந்துபோனார்கள். அதையும் அவர் வெற்றிக் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்.

கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். படித்துப் பார்த்த மதிப்பீட்டாளர் ஒருவர், "மற்றக் குரங்குகளின் சுவிட்சையும் சோதித்துப் பார்த்தால் நன்று" என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். மனிதனிடம் புதிதாக முளைத்த தீப்பொறி என்றால், கொரில்லா, ஒராங்குட்டான், சாதாரணக் குரங்கு எல்லாமே சிம்பன்சி மாதிரி இருட்டாக இருக்க வேண்டும்.

"சம்பிரதாயம்! ஒரு வாரத்துல முடிச்சுக் குடு" என்று ஆல்ஃபா அந்த வேலையைப் பல்லியிடம் தள்ளினார். இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகப் பெரிய மண்டபத்தில் அவருடைய சிறப்புரை. துணைவேந்தர் வருகிறார். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். வீட்டாரையும் அழைத்து வரலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

பல்லி வேலையை முடித்தாள். செல்களை இயந்திரத்தில் வைத்து, எண்கள் வருவதற்காகத் திரையைப் பார்த்தாள். கொரில்லா ஜொலித்தது. ஒராங்குட்டான் ஜொலித்தது. வாலுள்ள சாதாரணக் குரங்கு எல்லாரையும் விடக் கொஞ்சம் கூடுதலாகவே ஜொலித்தது. மனிதன் எப்போதும்போல ஜொலித்தான். சிம்பன்சி ஒன்றுதான் இருட்டு.

"ச்சு" என்றது நாக்கு.

பக்கத்து மேசையில் காதுக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். குழுவின் கம்ப்யூட்டர் வேலைகள் அவனுடையவை. கணக்கு என்று கூப்பிடுவார்கள். இடி இடித்தாலும் திரும்பாதவன், அந்த ஒரு சத்தத்துக்கு ஹெட்போனைக் கழற்றினான்.

"யாருக்கு?" என்றான்.

"நமக்குத்தான். வந்து பாரு."

அவன் பார்த்தான். குரங்கு வம்சத்தின் கிளைகளை ஒரு காகிதத்தில் கிறுக்கி, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு பல்பு வரைந்தான். "எல்லார் வீட்டுலயும் லைட் எரியுது. அப்ப இது நமக்குன்னு புதுசா வந்த தீப்பொறி இல்ல. பழைய பரம்பரைச் சொத்து. சிம்பன்சி மட்டும் தொலைச்சிருக்கு. அப்படித்தானே?"

"அப்படியும் இருக்கலாம்" என்றாள் பல்லி. அவள் பார்வை காகிதத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளைகளாகத் தொங்கிய மனிதன் மீதும் சிம்பன்சி மீதும் மாறி மாறிப் போனது. "இல்ல, வேற மாதிரியும் இருக்கலாம்."

வேற மாதிரி என்றால் என்ன என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனிதக் குப்பியிலிருந்து ஒரு சொட்டும் சிம்பன்சிக் குப்பியிலிருந்து ஒரு சொட்டும் எடுத்து, எழுத்துகளைப் படித்துச் சொல்லும் கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். மறுநாள் முடிவு வந்தது. சிவப்பு மூடி போட்ட மனிதக் குப்பிக்குள் இருந்தது சிம்பன்சி. நீல மூடி போட்ட சிம்பன்சிக் குப்பிக்குள் இருந்தவன் மனிதன்.

ஆக, எல்லாக் குரங்குக்கும் எரிகிற விளக்கு மனிதனுக்கு மட்டும் எரியவில்லை. தீப்பொறியாவது ஒன்றாவது! ஃபியூஸ் போன கேஸ்.

பல்லி நாற்காலியில் சாய்ந்தாள். கணக்கு முதலில் வாயைப் பொத்திக்கொண்டான்; பிறகு முடியாமல் மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சத்தம் கேட்டு ஃப்ரீசர் அக்கா வந்தார். ஆய்வகத்தின் ரசாயனங்கள், குப்பிகள், சாவிகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. அவருக்குத் தெரியாமல் அந்த மாடியில் ஓர் ஐஸ் கட்டிகூட உருகாது.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா சிரிக்கவில்லை. "என் ஃப்ரீசர்ல குப்பி மாறாது" என்றார் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "குப்பி ஃப்ரீசருக்குள்ள போறதுக்கு முன்னாடியே எழுத்து சரிபார்த்தாச்சு. அப்ப மனுஷன் மனுஷனாத்தான் இருந்தான். அதுக்கப்புறம் யாரும் மூடியைத் திறக்க..." சட்டென்று நிறுத்தினார்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே நாள்தான் நினைவுக்கு வந்தது.

முதல் சோதனைக்குச் சற்று முன்னால், பல்கலைக்கழக இதழுக்காக ஒரு புகைப்படக்காரர் வந்திருந்தார். ஆல்ஃபா வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குள் நுழைந்தார். சொட்டு அளந்து விடுகிற பிப்பெட்டை அவர் கையில் பிடித்துப் பல காலம் ஆகியிருந்தது. தண்ணீர்க் குப்பியைக் கையில் கொடுத்தால், "நிஜமான மனுஷனைக் குடுங்க! படத்துல உயிர் இருக்க வேண்டாமா?" என்றார். பனி படிந்த குப்பியின் உடம்பில் மை ஒட்டாது; மூடியின் நிறம்தான் அடையாளம். அவர் மனிதன், சிம்பன்சி இரண்டு குப்பிகளையும் திறந்து, இரண்டு மூடிகளையும் மேசையில் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, தூரத்துக் காலத்தைப் பார்ப்பது போல ஜன்னலைப் பார்த்தார். படம் எடுத்து முடிந்ததும் தானே மூடினார். மூடியும் போட்டு, அக்காவின் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

"குரங்கு கையில பூமாலை" என்றார் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அக்கா, நம்ம தொழில்ல குரங்கைத் திட்டக் கூடாது" என்றான் கணக்கு.

யார் போய்ச் சொல்வது என்ற பேச்சு வந்தது. கணக்குக்கு உடனே வயிறு வலித்தது. அக்காவுக்கு ஃப்ரீசரில் ஏதோ சத்தம் கேட்டது. பல்லி சோதனையை இன்னொரு தடவை செய்து, சொட்டுகளையும் இன்னொரு தடவை கீழ்த்தளத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, தனியாகப் போனாள்.

ஆல்ஃபாவின் அறையில் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அந்தப் புகைப்படம் ஆளுயரத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதன் கீழே உட்கார்ந்திருந்த ஆல்ஃபா வெள்ளிக்கிழமைப் பேச்சைக் கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா வா. குரங்கெல்லாம் இருட்டா? சொன்னேனே!"

"எல்லாம் ஜொலிக்குது சார்."

அவர் கையிலிருந்த தாளை வைத்தார். பல்லி ஒன்றுவிடாமல் சொன்னாள். கொரில்லாவைச் சொன்னாள், ஒராங்குட்டானைச் சொன்னாள், எழுத்துப் படித்து வந்த முடிவைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டதே அவளுக்குப் பயமாக இருந்தது.

"திரும்பச் செய்" என்றார் கடைசியில்.

"செஞ்சுட்டேன் சார். திரும்பவும் அதேதான்."

"கீழ்த்தளத்துக்காரங்க மாத்திப் படிச்சிருப்பாங்க."

"ரெண்டு தடவை அனுப்பினேன்."

அவர் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். கழுத்து சிவந்திருந்தது. "யாரு? யாரு மாத்தினது? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும். இப்படிப் பொறுப்பில்லாத ஒரு ஆளை என் ஆய்வகத்துல..."

பல்லியின் கண் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை; அவர் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய ஆளையே பார்த்தது. ஆல்ஃபாவும் திரும்பிப் பார்த்தார். படத்து ஆல்ஃபா இரண்டு கைகளிலும் இரண்டு மொட்டைக் குப்பிகளோடு தூரத்துக் காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் சார்" என்றாள் பல்லி, மெதுவாக.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தாள்களை ஒழுங்காக அடுக்கினார். குரல் வழக்கத்துக்கு மாறாக இறங்கியிருந்தது.

"வெள்ளிக்கிழமை பேச்சு முடியட்டும். துணைவேந்தர் வர்றாரு. அங்க வர்றவங்க யாரும் குப்பியைத் திறந்து பார்க்கப் போறதில்ல. அப்புறமா நிதானமா சரிபண்ணிக்கலாம்."

"தெரிஞ்சே தப்பைச் சொல்லப் போறீங்களா சார்?"

"தப்புன்னு ஏன் சொல்றே? பழைய முடிவுன்னு சொல்லு."

"அப்ப என் பேரை எடுத்துடுங்க."

"எதுலேர்ந்து?"

"பேச்சுலேர்ந்து, கட்டுரையிலேர்ந்து, எல்லாத்துலேர்ந்தும்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். அவருடைய கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேலையும் இல்லை. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

வீட்டில் அத்தையிடம் கொட்டித் தீர்த்தாள். அத்தை தன் பங்குக்கு ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தால், அது அவள் தப்பு.

"வாயை மூடிட்டு இருக்க வேண்டியதுதானே?" என்றார் அத்தை.

"என்ன அத்தை நீங்களே இப்படிச் சொல்றீங்க? டிக்கெட் இல்லாம எத்தனை பேரைப் பிடிச்சிருப்பீங்க?"

"பிடிச்சேன். ஆனா சிலதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருக்கேன். எல்லாரையும் இறக்கிவிட்டா அப்புறம் வண்டி எதுக்கு, காத்து வாங்கவா? பெரிய மனுஷன் கோட்டு சூட்டோட உக்காந்திருந்தா நானே சலாம் வெச்சிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிருக்கேன்."

"எனக்கு அப்படிப் போக வராது."

"தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது. என் புள்ள எப்படி உன்கிட்ட மாட்டினான்னு இப்பத்தான் புரியுது." அத்தை தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் தள்ளினார். "சாப்பிடு. வெள்ளிக்கிழமை நானும் வர்றேன். குரங்கு காட்டுவாங்களா?"

"குரங்கு கிடையாது அத்தை."

"குரங்கே இல்லாம குரங்கு ஆராய்ச்சி! நல்ல பொழைப்பு."

பல்லி மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பேச்சின் இறுதியில் கேள்வி நேரம் உண்டு. எழுந்து நின்று, "கொரில்லா என்ன ஆச்சு சார்?" என்று கேட்பாள். அவ்வளவுதான். அதற்கு அவர் என்ன சொல்லிச் சமாளித்தாலும், கேள்வி எல்லார் காதிலும் விழுந்துவிடும். கணக்கிடம் சொன்னபோது, அவன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீ கேளு. உனக்கு வேற எடத்துல வேலை தேட நான் உதவி பண்றேன்" என்றான். இதற்கு அவன் சும்மா இருந்திருக்கலாம்.

இதற்கிடையில் ஆல்ஃபாவின் குரல் குரங்கு மாடியில் கேட்கவே இல்லை. அறைக்கதவு சாத்தியே கிடந்தது. ஒருநாள் மதியம் ஃப்ரீசர் அறைக்கு வந்து, அந்தப் பெட்டியைக் காட்டச் சொல்லி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம். "செத்தவங்க வீட்டுல பார்க்கற மாதிரி பார்த்தாரு" என்றார் அக்கா. "நான் பெட்டியைக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டேன்."

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பல்லியும் கணக்கும் அக்காவும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். அத்தை ஓரத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நின்றால் முதலில் இறங்க அதுதான் வசதி என்பது அவர் எண்ணம். துணைவேந்தர் ஆல்ஃபாவைப் புகழ்ந்த புகழ்ச்சியில் உண்மையான தீப்பொறியே பறந்தது.

ஆல்ஃபா மேடையேறினார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. முதல் படத்தில் கொட்டை எழுத்தில் "நம்மை மனிதனாக்கிய தீப்பொறி."

அவர் அதே பழைய வரிகளை அதே பழைய இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். காடு, நெருப்பு, குகை, நிலவுக்குப் போன ராக்கெட். கூட்டம் கைதட்டியது. பல்லி தன் கேள்வியை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

அப்போது திரையில் அந்தப் புகைப்படம் வந்தது. மண்டபத்துச் சுவர் அளவுக்கு ஆல்ஃபா, கையில் இரண்டு குப்பிகள்.

"இந்தப் படத்தை நல்லாப் பாருங்க" என்றார் மேடை ஆல்ஃபா. "இதுல ஒரு குற்றம் நடந்துக்கிட்டிருக்கு. குற்றவாளி எவ்வளவு அழகா இருக்கான் பாருங்க."

கூட்டம் சிரித்தது. கணக்கு பல்லியின் முழங்கையை இடித்தான்.

ஆல்ஃபா சொன்னார். மூடி மாற்றியதைச் சொன்னார், கொரில்லா ஜொலித்ததைச் சொன்னார், மனிதனுக்குத்தான் ஃபியூஸ் போயிருக்கிறது என்பதைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் தன்னையே நடித்துக் காட்டினார்; கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததையும், கழுத்து சிவக்க "யாரு மாத்தினது?" என்று கத்தியதையும். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துணைவேந்தர் முதலில் திடுக்கிட்டு, மற்றவர்களைப் பார்த்து, அப்புறம் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

"எங்க ஆய்வகத்துல ஒரு பல்லி இருக்கு" என்றார் ஆல்ஃபா. "அது சத்தம் போட்டா எங்களுக்கெல்லாம் உதறும். அதுதான் வந்து எங்கிட்ட நேருக்கு நேரா சொல்லிச்சு, 'நீங்கதான் சார்'னு. நான் அந்த நிமிஷமே சொன்னேன்: உண்மைதான் முக்கியம், பேச்சை மாத்திடுறேன்னு."

கணக்குக்கு இருமல் வந்துவிட்டது. அக்கா அவன் முதுகில் தட்டினார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

பல்லிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பட்டப்பெயர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கின்றன! உண்மையைச் சொல்லிவிட்டார், சொன்ன கையோடு, சொன்னதற்கான பெயரையும் தானே எடுத்துக்கொண்டுவிட்டார். இவரைக் கிணற்றில் தள்ளினால் மீனோடு வருவார். ஆனாலும் பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. கேட்க வேண்டிய கேள்வி இப்போது அவளிடம் இல்லை.

கேள்வி நேரத்தில் கை தூக்கியது அத்தை. பல்லி பிடித்து இழுப்பதற்குள் எழுந்தும் நின்றுவிட்டார். மைக் தேவைப்படவில்லை, ஓடுகிற ரயிலில் பேசிப் பழகிய தொண்டை அது.

"சார், எல்லாக் குரங்குக்கும் அந்த லைட் எரியுது, நமக்கு மட்டும் எரியலைங்கறீங்க. சரி. அது எரியாததால நமக்கு லாபமா, நஷ்டமா?"

மண்டபம் லேசாகச் சிரித்து அடங்கியது. ஆல்ஃபா வாயைத் திறந்தார். அவர் எதற்கும் பதில் வைத்திருப்பவர். கேள்வி முடிவதற்குள் பதிலைத் தொடங்கிவிடுபவர். இப்போது மேடையில் நடிப்பு ஏதும் இல்லாத ஒரு மனிதர் நின்றார்.

"தெரியாதும்மா" என்றார். பேச்சுத் தாளை மடித்துக்கொண்டே, "நிஜமாவே தெரியாது. இனிமேதான் பார்க்கணும்" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து குரங்கு மாடியில் யாரும் கேட்டதில்லை. அக்கா தன்னை மறந்து கைதட்டினார்.

"பரவாயில்ல, டிக்கெட் எடுத்துட்டாரு" என்று சொல்லி அத்தை உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆல்ஃபாவுக்கு நல்லதாகவே நடந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்று, தலைகீழாக எழுதி, பல்லியின் பெயரை முதலில் போட்டு அனுப்பினார்கள். மனிதனுக்கு ஒன்று கிடைத்தது என்பதை விட மனிதன் ஒன்றைத் தொலைத்தான் என்பது ஆய்விதழுக்கு அதிகம் பிடித்திருந்தது. பத்திரிகைகள் ஆல்ஃபாவின் தைரியத்தைப் பாராட்டின. நேர்மை பற்றிப் பேசச் சொல்லி அவருக்கு நாலைந்து இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. "மூடியை மாத்தினவருக்கு மாலை, கண்டுபிடிச்சவளுக்கு அடுத்த சோதனைத் தட்டு" என்று கணக்கு முணுமுணுத்தான். பல்லிக்கு அடுத்த ஆண்டுக்கும் வேலை உறுதியாயிற்று. கையெழுத்துப் போடும்போது ஆல்ஃபா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு அறையில நான் பேசினது..." என்று ஆரம்பித்தார். "பேச்சு நல்லா இருந்தது சார்" என்றாள் அவள். அதோடு இருவரும் விட்டுவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆல்ஃபா வெள்ளைக் கோட்டோடு ஆய்வகத்துக்குள் வந்து நின்றார். புகைப்படக்காரர் யாரும் கூட இல்லை.

"நானும் ஒரு தட்டு செய்யலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

அக்கா ஃப்ரீசருக்குக் குறுக்கே போய் நின்றார். "எதுல?"

"நீங்க எதைக் குடுக்கறீங்களோ அதுல."

அக்காவும் பல்லியும் கண்ணாலேயே கலந்து பேசிக்கொண்டார்கள். பிறகு அக்கா சாயம் கலந்த தண்ணீரை இரண்டு குப்பிகளில் ஊற்றி, ஒரு பழைய பிப்பெட்டையும், தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டையும் ஜன்னலோர மேசையில் வைத்தார். ஒரு குழியில் சிவப்பு, அடுத்ததில் நீலம். சிந்தக் கூடாது, கலக்கக் கூடாது, ஒரே அளவாக இருக்க வேண்டும்.

ஆல்ஃபா உட்கார்ந்தார். முதல் வரிசை முழுக்க ஊதா நிறமாக வந்தது. "சார், கட்டைவிரலை மெதுவா விடுங்க. சடார்னு விட்டா காத்து உள்ள போயிடும்" என்றாள் பல்லி. "தெரியும், தெரியும்" என்றவர், அடுத்த சொட்டைத் தன் கோட்டின் மீதே விட்டுக்கொண்டார். தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். "அப்புறம்" என்றார் தலை நிமிராமல். நாக்கின் நுனி உதட்டோரம் வெளியே எட்டிப் பார்த்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பிய கணக்கு, அவர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் தன் இடத்துக்குப் போனான். கடைசி வரிசையில் சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும் நின்றன. ஆல்ஃபா தட்டை இரண்டு கைகளாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்க எல்லாரும்! பாருங்க!" என்று அந்த மாடியே அதிரக் கத்தினார். "எப்படி?"

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "கடைசி வரிசை பரவாயில்ல" என்றார். "நாளைக்கும் வாங்க."